அக்கரை நேரம் காட்டிய கொம்பியூட்டர்

குருக்கள்மடம் பெரிய றோட்டில் இருக்கும் ஜோசப்பினின் கொமியூனிக்கேசன் கடைக்குப் போன் பேசப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பில்லைக் கையில் தருமுன் அதில் அடித்திருக்கும் நேரத்தைப் பார்ப்பாள். பிறகு கைக்கடிகாரம், பிறகு சுவர் மணிக்கூடு. மூன்றும் ஒத்து வந்தால்தான் பில் மேசையைத் தாண்டும். சண்டை முடிந்து வருசக்கணக்காகியும் இந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஊர் இளசுகளுக்கு அது நல்ல பகிடி. பகிடி பண்ணட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

பயந்தாங்கொள்ளி என்று அவளுக்குப் பெயர் விழுந்தது சுனாமிக்குப் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் மகள் டினுஷாவும் கோயிலுக்கு என்று கடற்கரையை விட்டு உள்ளே போயிருந்தார்கள். கரையில் வலையோடு நின்ற புருசன் நல்லரத்தினம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு காற்று பலமாக அடித்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். லொறி டயர் வெடித்தால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். வாடிக்கையாளர்கள் குனிந்து பார்த்து அங்கேயே காசைக் கொடுத்த நாட்களும் உண்டு.

கொம்பியூட்டர் அவளுக்கு நிவாரணமாக வந்தது. சென்னையிலிருந்து உதவிக்கு வந்த குழுவில் ஒரு தம்பி இருந்தான். பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் சீடியைப் போட்டு, எல்லாம் சரியாக்கித் தந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நல்ல பிள்ளை. போகும்போது, "பயப்படாம தட்டுங்கக்கா, ஒண்ணும் வெடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜோசப்பின் பயந்து பயந்துதான் தட்டினாள். ஆனாலும் தட்டினாள். பிறின்டர் வேலை செய்யாவிட்டால் வரிசையில் நிற்கும் பழைய வேலையை அழித்தால் போதும், தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவை மாற்ற வேண்டும், சத்தம் வராவிட்டால் யாரோ அதை அமத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தானே பிடித்துக்கொண்டாள். அதன் ஒரேயொரு நோய் மட்டும் பிடிபடவில்லை. அதன் மணிக்கூடு அடிக்கடி பிந்தியது. வேறு எப்படிப் பிந்தினாலும் பரவாயில்லை, சரியாக அரை மணித்தியாலம் பிந்தியது.

அந்தக் காலத்தில் அரை மணித்தியாலம் என்பது விளையாட்டு விசயமில்லை. அரசாங்கம் முன்னொரு தரம் நாட்டின் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியபோது, அதனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த இயக்கம் அதை ஏற்கவில்லை. ஊருக்குப் பின்னாலுள்ள வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அரசாங்க நேரம். துறையில் பாதையேறி, அந்த மிதவை அக்கரை தட்டினால் படுவான்கரை, இயக்கத்தின் நேரம். போய்வருகிறவர்கள் தண்ணீரின் நடுவில் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொள்வார்கள். திருக மறந்து இக்கரையில் இறங்கியவர்களுக்கு ஆமியின் காவல் சென்றியில் என்ன நடந்தது என்பது பற்றி ஊரில் பல கதைகள் உலாவின. பக்கத்து ஊரில் ஒரு தையல்காரரைச் சுவர் மணிக்கூடு அக்கரை நேரம் காட்டியதற்காகவே அடித்தார்களாம். உண்மையோ பொய்யோ, ஜோசப்பினுக்கு ஈரக்குலை நடுங்க அந்தக் கதையே போதும்.

ஆகவே தினமும் காலையில் றேடியோச் செய்தியைக் கேட்டுக் கொம்பியூட்டரின் நேரத்தைக் கையால் திருத்துவாள். சில நாள் அப்படியே நிற்கும், சில நாள் மத்தியானத்துக்குள் அரை மணி பின்னுக்குப் போய்விடும். உப்புக் காற்று பற்றரியைத் தின்றுவிட்டது என்று நினைத்தாள். மட்டக்களப்புக்குப் போய்ப் புதுப் பற்றரி வாங்கிப் போட்டாள். அப்போதும் பிந்தியது.

சுனாமி வந்து ஒரு வருசம் கழிந்த தை மாதம். மறுபடியும் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அன்று பின்னேரம் பஸ்தியாம்பிள்ளை, பழைய தபால் அதிபர், கனடாவிலுள்ள மகனுக்கு இன்டர்நெட்டில் கடிதம் அனுப்பிவிட்டுப் போனார். அவர் போன கையோடு உதயரூபன் வந்தான். சின்னத்தங்கத்தின் ஒரே மகன், வாவியில் இறால் பிடிக்கிறவன். கட்டாரிலுள்ள தங்கச்சிக்குக் கோல் எடுக்க வேண்டும் என்று டெலிபோன் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் கதைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சந்திப் பக்கம் படபடவென்று வெடி கேட்டது. ஜோசப்பின் மேசைக்குக் கீழே போய்விட்டாள். சுவர் மணிக்கூட்டில் அப்போது நாலரை. உதயரூபன் கோலை வெட்டிவிட்டு வெளியே வந்து, குனிந்து, ஒரு கோப்பை தண்ணீரை மேசைக்குக் கீழே நீட்டினான்.

"குடிங்கக்கா. வெடி நிண்டுட்டு, வெளியில வாங்க."

ஜோசப்பின் எழும்பி வந்து நிமிடக் கணக்கைத் தட்டினாள். பிறின்டர் நேரத்தோடு பில்லை அடித்தது. அந்தப் பதற்றத்தில் நேரத்தை யார் பார்த்தது? அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் றோட்டில் நின்றவர்களை எல்லாம் ஆமி அள்ளிக்கொண்டு போனது. அதில் அவனும் ஒருவன்.

பொழுது படும் நேரத்தில் சின்னத்தங்கம் ஆமி முகாமிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். தலை கலைந்து, செருப்பு ஒரு காலில் மட்டும் கிடந்தது.

"மத்த ஆக்கள விட்டுட்டாங்க கா. என்ட புள்ளய மட்டும் வெச்சிருக்காங்க. ஒங்கட பில்லுல நாலு மணியெண்டு கிடக்காம். நாலு மணிக்குக் கடைய விட்டு வெளிக்கிட்டவன் நாலரைக்கு எங்க நிண்டவனெண்டு கேக்கிறாங்க. அவன் இஞ்சதானே நிண்டவன்?"

"ஓம் மாமி. இஞ்சதான்."

"நானும் அதத்தான் சொன்னன். கடைக்காரிட்டக் கேளுங்க, அவட மிசினப் பாருங்க எண்டன். ஆமிப் பெரியவர் நாளைக்கு வெள்ளன வாறாராம்."

அவன் பில்லில் ஏன் நாலு மணி விழுந்தது என்று ஜோசப்பினுக்குத் தெரியும். வருகிற பெரியவர் மிசினைப் பார்ப்பார். மிசின் அக்கரை நேரம் காட்டும். அதற்குப் பிறகு உதயரூபனோடு அவளும் போக வேண்டியதுதான். டினுஷாவுக்குத் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை.

அன்றிரவு அவள் தூங்கியதாகச் சொன்னால் அது பொய். விடிந்தும் விடியாமலும் கடையைத் திறந்தாள். அவளுக்கு முன்னே சின்னத்தங்கம் படியில் வந்து குந்தியிருந்தாள்.

பெரியவர் வருமுன் திருத்திவிட வேண்டும், நிலைத்து நிற்கும்படி திருத்த வேண்டும். நேரத்தைச் சரியாக வைத்தாள். கொம்பியூட்டரை அணைத்து ஏற்றினாள், நேரம் மாறவில்லை. பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள், அப்போதும் மாறவில்லை. அப்படியானால் பற்றரியில் குற்றமில்லை. முதல்நாள் செய்ததை எல்லாம் செய்த ஒழுங்கிலேயே திரும்பச் செய்தாள். போட்டோக்கொப்பி எடுத்தாள். ஒரு கடிதம் அச்சடித்தாள். பிறகு பஸ்தியாம்பிள்ளைக்குக் கொடுத்தது போல இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணினாள். மொடம் கீச்சிட்டு ஓய்ந்தது. திரையின் மூலையில் நேரம் ஒருதரம் கண் சிமிட்டி அரை மணி பின்னுக்குப் போனது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது. இன்டர்நெட்டைத் தொட்டதும் கொம்பியூட்டர் எங்கோ தூரத்தில் இருக்கும் பொது மணிக்கூடு ஒன்றைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொது நேரத்தை ஊர் நேரமாக்க, தான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரத்தின் மேல் மவுஸை அழுத்தி, கடவுச்சொல் கொடுத்து, உள்ளே போய்ப் பார்த்தாள். உலகப்படம் விரிந்தது. சிவப்புப் புள்ளி கல்கத்தாவில் நின்றது. பாவம் சென்னைத் தம்பி, தன் நாட்டு நேரத்தைப் பழக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அந்த நேரம்தான் அக்கரை நேரமும் என்று அவனுக்கு யார் சொல்வது?

மவுஸை நகர்த்திக் கொழும்பில் அழுத்தினாள். புள்ளி இலங்கைக்குத் தாவியது. திரும்ப டயல் பண்ணினாள், நேரம் அசையவில்லை. இன்னொரு முறை பண்ணிப் பார்த்தாள், அப்போதும் அசையவில்லை. உயிர் போய் உயிர் வந்தது. இனி எந்தப் பெரியவரும் வரட்டும்.

சின்னத்தங்கம் படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "திருந்திட்டா கா?"

"ஓம் மாமி. திருந்திட்டு."

"அப்ப என்ட புள்ளய விட்டிருவாங்க என்ன?"

ஜோசப்பின் திரையைத் திரும்பிப் பார்த்தாள். மிசின் சரியென்றால் பில்லும் சரி. பில் சரியென்றால் அவன் நாலு மணிக்கே கடையை விட்டுப் போனவன். அவள் காலையெல்லாம் பாடுபட்டுச் செய்தது, அவனை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்ட வேலை. பேசாமல் இருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பில் பிழையென்று யாரும் அவளைக் கேட்கவும் மாட்டார்கள். பேசாமல் இருந்தால் டினுஷாவுக்குத் தாய் மிஞ்சுவாள். படியில் இருந்த மனுசியும் ஒரு தாய்தான், அவளுக்கும் இருப்பது ஒன்றே ஒன்று.

மேசைக்குக் கீழே நீண்ட அந்தத் தண்ணீர்க் கோப்பை நினைவுக்கு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே மவுஸைப் பிடித்தாள். முதல் அழுத்தல் எங்கோ கடலில் விழுந்தது. புள்ளியைத் திரும்பவும் கல்கத்தாவில் வைத்தாள்; மிசினின் பிழை பெரியவரின் கண் முன்னாலேயே நடக்க வேண்டும். கொழும்பு நேரத்தைக் கையால் தட்டிவிட்டு எழும்பினாள்.

உள்ளே போய் டினுஷாவுக்குத் தலை சீவி, நல்ல சட்டை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து சின்னத்தங்கத்திடம் விட்டாள்.

"என்னையும் கொண்டு போனா இவள நீங்கதான் பாக்கணும் மாமி."

"என்னகா சொல்றா? ஏன் ஒன்னக் கொண்டு போறாங்க?"

ஜோசப்பின் பதில் சொல்லுமுன் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு உள்ளே வந்தார். தமிழ் ஓரளவு தெரிந்தவர். பில்லை மேசையில் வைத்தார்.

"இது உங்கட கடை பில்?"

"ஓம் சேர்."

"நாலு மணி. சரிதானே?"

"இல்ல சேர். பிழை."

"எவ்வளவு பிழை?"

"அரை மணித்தியாலம் சேர். பிந்தி."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு கடைக்குப் பின்புறம், வாவி இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பக்க டைம்." சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒரு சிப்பாய் போய் வாசலை மறித்து நின்றான். வெளியே டினுஷா "அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது.

"காட்டுறன் சேர்," என்றாள். "டயல் பண்ணினா அது தன்ட பாட்டுல பின்னுக்குப் போகும். ஒருக்காப் பாருங்க."

உட்கார்ந்து டயல் பண்ணினாள். லைன் பிஸி. திரும்பப் பண்ணினாள், அதே பிஸி. சிப்பாய் துவக்கைத் தோள் மாற்றினான். யேசுவே, மாதாவே என்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு இன்னொருதரம் பண்ணினாள். மொடம் கீச்சிட்டது, லைன் கிடைத்தது. நேரம் மாறவில்லை. பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய்காரியாகிவிட்டேன் என்று கண் இருண்டுகொண்டு வந்தபோது அது சிமிட்டி அரை மணி பின்னுக்குப் போனது.

அதிகாரி குனிந்து தன் கைக்கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அவள் உலகப்படத்தைத் திறந்து காட்டினாள்.

"கல்கத்தா," என்று வாசித்தார். "யார் வெச்சது?"

"சுனாமிக்கு உதவி செய்ய வந்த இந்தியாத் தம்பி சேர். அவர்ட நாட்டு நேரம்."

"வெடி கேட்ட டைம் அந்தப் பொடியன் எங்க?"

"இந்தக் கூட்டுக்குள்ள சேர். நான் மேசைக்குக் கீழ. அவர்தான் எனக்குத் தண்ணி தந்தவர்."

"மேசைக்குக் கீழ?" அதிகாரி மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கால் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை நடிப்பென்று எந்த மடையனும் சொல்லமாட்டான். "இப்ப சரியாக்குங்க," என்றார். புள்ளி கொழும்பில் விழும்வரை அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உதயரூபனை விட்டார்கள். உடனே விடவில்லை, சில நாள் கழித்துத்தான். இடது காது கேட்காமல் வந்தான். கடைக்கு வந்து கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தான். அவள் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஜோசப்பின் இன்று நிம்மதியாகப் பில் கொடுத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சித்திரையில் வருசம் பிறந்த கையோடு அரசாங்கம் நேரத்தை மாற்றியது. நாடு முழுவதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பச் சொல்லி றேடியோ அறிவித்தது. அக்கரையும் இக்கரையும் ஒரே நேரம். ஊரே சிரித்துச் சிரித்து முள்ளைத் திருகியது. ஜோசப்பினின் கொம்பியூட்டருக்கு மட்டும் அது தெரியாது. அந்தச் சீடி செய்தபோது இந்தச் சட்டம் இல்லை. அது பழைய கொழும்பு நேரத்தையே பிடித்துக்கொண்டு அரை மணி முந்தி ஓடியது. கையால் திருத்தினால் டயல் பண்ணியதும் பழையபடி போய்விடும். வழி ஒன்றுதான், அது எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தொடாமல், ஒவ்வொரு பில்லிலும் பேனையால் நேரத்தை வெட்டி எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் உதயரூபன் வந்து தங்கச்சியோடு கதைத்தான். பில்லை வாங்கினான். அதில் வெட்டி எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தான், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். பில்லை மேசையிலேயே வைத்துவிட்டான்.

"இது எனக்கு வேணாங்கா. நேரத்த மாத்துங்க."

"மாத்தலாம் தம்பி. கல்கத்தாவுல வைக்கணும்."

"இப்ப அதுதானே அரசாங்கத்திட நேரம்?"

"ஓம்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சந்தியில் சென்றி தெரிந்தது. உதயரூபன் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினான். கதவின் நீக்கலில் ஒரு கண்ணை வைத்து றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜோசப்பின் மவுஸைப் பிடித்து, அரசாங்கம் சொன்ன நேரத்தைக் களவாக வைத்தாள்.