வடம் தேய்த்த கல்

என் வீட்டு வாசலுக்கு எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கிறது. காரைக்காலுக்குத் தோணிகள் சரக்கேற்ற வந்த காலத்தில் அவற்றைக் கட்டிப்போட்ட கல். கழுத்தைச் சுற்றி வடம் தேய்த்த பள்ளம் இருக்கிறது. தோணி போய்விட்டது, வியாபாரிகள் போய்விட்டார்கள், ஆறே இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டது. போக இடமில்லாமல் நின்றவை அந்தக் கல்லும் நானும்தான். மனைவி இறந்த பிறகு என்னையும் யாரும் நகர்த்த முயலவில்லை.

காலையில் திருவேட்டக்குடியிலிருந்து மீன்கார அம்மா வருவார். தலைச்சுமையைத் துணைக்கு ஆள் இல்லாமல் இறக்க அந்த உயரம் அவருக்குத் தோது. அன்னக்கூடையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மூச்சு வாங்குவார். நான் பாத்திரத்தோடு இறங்குவேன். எனக்கு மீன் சமைக்கத் தெரியாது.

"என்ன சார், இன்னிக்கும் பூனைக்குத்தானா?"

"எனக்குத்தாங்க."

"ஆமா, நேத்து மத்தி முள்ளு ஒங்க மதில் மேல கெடந்துச்சு. நீங்கதான் ஏறி உக்காந்து தின்னீங்களாக்கும்."

ஒரு நாளில் என்னிடம் யாராவது பேசினார்கள் என்றால் அவ்வளவுதான். மீதிப் பொழுதுக்குப் புத்தகங்கள் உண்டு. அவை கிண்டல் செய்வதில்லை.

போன மழைக்கு முன்னால் சாக்கடை வெட்ட எந்திரம் வந்தது. கல் சரியாக வழியில் நின்றது. மேற்பார்வையாளரிடம் தோணி, துணி மூட்டை, பிரெஞ்சுக்காரர்கள் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். பள்ளத்தைத் தடவிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கயிறு இப்ப இல்லீங்களே சார். நாளைக்குக் காலையில பேத்துடுவோம்."

கல் போனால் அந்த அம்மா கூடையை எங்கே இறக்குவார்? எனக்கு வந்த கவலை வரலாற்றைப் பற்றியது அல்ல.

அன்று பொழுது சாய்கையில், கோயில் வாசலைக்கூட மிதிக்காத நான், மனைவி வைத்துவிட்டுப் போன மஞ்சள்தூளைக் குழைத்துக் கல்லுக்குப் பூசினேன். குங்குமம் வைத்தேன். கை பழகாததால் பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. பக்கத்து வீட்டுச் செம்பருத்தி ஒன்றையும் திருடிச் சாத்தினேன்.

மறுநாள் எந்திரக்காரர் கல்லைக் கண்டதும் கீழே இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாக்கடை வளைந்து போனது. எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. பாத்திரத்தோடு காத்திருந்தேன்.

மீன்கார அம்மா வந்தார். கல்லருகே நின்றார். செருப்பைக் கழற்றினார். தலையில் கூடை அப்படியே இருந்தது.

"இறக்குங்க" என்றேன்.

"சாமி மேலயா? மீன் தண்ணி சொட்டுமே சார்!"

"சாமியெல்லாம் இல்லீங்க. நேத்து நான்தான் பூசினேன். வெறும் கல்லு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. ஒங்களுக்குத்தான் நம்பிக்கையே கெடையாதே. அதுவே ஒங்க கையப் புடிச்சுப் பூச வச்சிருக்கு."

அவர் கூடையோடு அடுத்த தெருவுக்குப் போனார். அங்கே சைக்கிள் கடைக்காரர் ஒரு கை பிடித்து இறக்கிவிடுகிறாராம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கல்லுக்கு விளக்கு வைக்கிறார்கள். வடம் தேய்த்த பள்ளத்தில் யாரோ சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார்கள். என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், பேசுவதில்லை.

காலையில் அடுத்த தெருவிலிருந்து அந்த அம்மாவின் கூவல் கேட்கிறது. பூனை மதிலில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. நடந்தால் போய்விடலாம். போய் என்ன கேட்பது? எனக்கு மீன் வேண்டியதில்லை என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.