கிழங்கை விட்ட மூன்று மாதம்

"...சாமிக்கு நோம்புண்ணா நீ மீன் தின்னமாட்ட. மீன் தின்னுத, கிழங்கு மட்டும் வேண்டாங்குத. அப்போ கட்சிக்கு ஆக்கும். உள்ளதைச் சொல்லு மக்கா!"

கேட்டது மாமி, என் கணவரின் அம்மா. அவர் கையில் அகப்பை. அகப்பை நிறைய அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, என் தட்டுக்கு மேலே நிற்கிறது.

மாமியின் கணக்கில் ஒரு நியாயம் உண்டு. எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில், நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழகத்தோடு சேருகிற வரைக்கும் தாடி எடுக்கமாட்டேன் என்று சபதம் போட்டவர்கள் இருந்தார்கள். வெற்றிலையை விட்டவர்கள் இருந்தார்கள். ஒரு பெரியவர் சாயா குடிப்பதையே நிறுத்திவிட்டு, தலைவலியோடு ஊர்வலத்தில் நடந்தார். ஆகவே ஒருத்தி வாய்க்குப் பழகிய ஒன்றைத் திடீரென்று விட்டால், ஒன்று சாமி, இல்லாவிட்டால் கட்சி. உடம்பைக் குறைக்க என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். அரிசி கிடைக்காத வருஷங்கள். காலையிலும் கிழங்கு, இரவிலும் கிழங்கு, நடுவில் கொஞ்சம் கஞ்சி. இதில் குறைக்க என்ன இருக்கிறது?

எனக்கு இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம். மாதவிலக்கு மூன்று மாதம், நாலு மாதம் வராது. முதல் இரண்டு தடவை அதைப் பிள்ளை என்றே மாமி நம்பி, உளுந்தும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிக் காய்ச்சித் தந்தார். பிள்ளை வரவில்லை, இடுப்புதான் வந்தது. தாடையில் நாலு முடியும் முளைத்தது. கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரி, "எட்டி, ஒனக்கும் கட்சித் தாடியா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தண்ணீர் கோரினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பிடுங்கினேன்.

இதற்கிடையில் கணவரின் சித்தி, வெள்ளறடையில் ஒரு பெண் இருப்பதாக மாமியின் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மாமிக்குத் தெரியாது.

என் அம்மா வீடு அதியன்னூரில். "அம்மையைப் பாத்துட்டு வாறேன் மாமி" என்று சொல்லிப் போய், அங்கிருந்து யாருக்கும் சொல்லாமல் நெய்யாற்றின்கரையில் ஒரு மலையாளி லேடி டாக்டரிடம் காட்டினேன். கடையடைப்பு நாள், பஸ் கிடையாது, நடைதான். வேர்த்து ஊற்றி வந்து நின்ற என்னை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி தெனமும் நடக்கணும்" என்றார் டாக்டரம்மா. கிழங்கு வேண்டாம், கருப்பட்டி வேண்டாம், தேங்காயைக் குறை, பயறும் கீரையும் மீனும் தின்னு. "தடி குறஞ்ஞால் மாசமுற தானே வரும்." உடம்பு மெலிந்தால் மாதவிலக்கு தானாக வருமாம்.

"அப்போ குழந்தை?" என்றேன்.

"ஆத்யம் அது வரட்டே."

முதலில் அது வரட்டும். சரிதானே. இன்றைக்குப் பெண்பிள்ளைகள் பி.சி.ஓ.டி. என்று சளசளவென்று சொல்கிறார்கள். டாக்டரம்மா அன்று எனக்குப் பெயர் எதுவும் சொல்லவில்லை. சினைப்பையில் கோளாறு, மெலிந்தால் சரியாகலாம், அவ்வளவுதான்.

வீட்டில் சொல்லவில்லை. குறை என்னிடம்தான் என்று என் வாயாலே சொல்லிவிட்டால், வெள்ளறடைப் பெண்ணுக்கு நானே கதவைத் திறந்து விட்ட மாதிரி. என் தட்டில் விழும் கிழங்கை இலையில் சுருட்டிக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டேன். நான் மெலிவதற்குள் ஆடு தடித்தது. பசி என்றால் அப்படியொரு பசி, இரவில் பயறு வெந்த தண்ணீரைக்கூட விடாமல் குடிப்பேன். இருந்தாலும் மூன்றாம் மாதத்தில் ரவிக்கை தொளதொளத்தது.

ஆட்டுக்குப் போட்டதைப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே பார்த்துவிட்டாள். "ஒங்க மருமொவளும் சபதம் போட்டாச்சு போல" என்று மாமியிடம் ஓதிவிட்டாள். அன்றைக்கு இரவுதான் அகப்பையும் கேள்வியும்.

"எனக்க மகனை ஒருக்க போலீசு கொண்டுபோனது போதாதா? இனி ஒன்னையும் தேடி வரணுமா?" என்றார் மாமி. அவர் கோபப்பட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அவர் பயப்பட்டார்.

"கட்சிக்கு இல்ல மாமி. பிள்ளைக்கு."

டாக்டரம்மாவிடம் போனதைச் சொன்னேன். கோளாறு எனக்குத்தான் என்பதையும் சொன்னேன். "போன மாசம் நான் மூணு நாள் வெளியே இருந்தேனே, அது தானா வந்துது மாமி. கிழங்கை விட்டதுல வந்துது."

மாமி அகப்பையிலிருந்த கிழங்கைத் தன் தட்டில் தட்டினார். மீன்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மகனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அயிலையின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.