கண்ணாடியோடு வந்த பெயர்

அன்று மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் அறையில் மேனேஜர் இருந்தார், படங்களுக்குச் சட்டம் போட்ட ஏழுமலை அண்ணன் இருந்தார், நான் இருந்தேன். நைனா இல்லை. என்னோடு பஸ் ஏறி வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓவியக் கல்லூரியும் முடித்தேன். அறைகளில் மாட்ட வாட்டர்கலர் படங்கள் கேட்டார் மேனேஜர். பிடித்துப்போனால் புதுக் கட்டடத்துக்கும் நான்தான். படம் வரைந்தே பிழைத்துவிடலாம் என்று நம்பினேன். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவரையும் படகுகளையும், உப்புக் காற்றில் காயாத தாளோடு மல்லுக்கட்டி மாதக்கணக்கில் வரைந்தேன். முன்பணம் தாளுக்கும் வீட்டுக்கும் கரைந்தது. சட்டம் போட, நைனா நிலத்தில் ஒரு துண்டை மனைக்காரர்களுக்கு விற்றார்.

வாட்டர்கலரைக் கண்ணாடி தொடக்கூடாது. நடுவே, படத்தின் ஓரங்களைச் சுற்றி மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். அட்டையும் வாங்கிக் கொடுத்து, சட்டம் போடப் படங்களோடு நைனாவைத் திருப்போரூருக்கு அனுப்பினேன். கடைசிப் படம் பாக்கி இருந்ததால் நான் போகவில்லை.

ஏழுமலை அண்ணன் அங்கே முருகன் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். அட்டையை வைத்ததும் மூலையில் நான் போட்ட கையெழுத்து மறைந்திருக்கிறது. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. அது என் பெயர் என்பது மட்டும் தெரியும்.

"அட்ட வாணாம்பா. எம்புள்ள பேரு மறைஞ்சிப் பூடுது. சாமி படம் மாரி கண்ணாடிய ஒட்டிப் போட்டுக் குடு" என்றாராம்.

கடைசிப் படத்தோடு நான் ஓட்டலுக்குப் போனபோது மற்றவை அட்டை இல்லாமல் அறைகளில் தொங்கின. கழற்றிச் சரிசெய்து தருகிறேன் என்று கெஞ்சினேன். கெஸ்ட் தங்கியிருக்கும் அறையைத் திறக்க முடியாது என்றுவிட்டார் மேனேஜர்.

மழைக்காலம் முடிந்ததும் ஏழுமலை அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். படங்களெல்லாம் பூஞ்சை. ஏழுமலை அண்ணன் ஒரு கண்ணாடியைத் தூக்கினார். வண்ணமும் தாளோடு பிய்ந்து வந்தது. மூலையில் என் பெயரும்.

"அட்வான்ஸ திருப்பிக் குடுத்துடு தம்பி. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் மேனேஜர்.

வெளியே நைனா கேட்டார்: "பேராச்சும் நல்லாக் கீதா?"

"கீது நைனா."

இப்போது நாவலூரில் ஓர் ஆபீசில், மனை விளம்பரங்களுக்குக் கம்ப்யூட்டரில் தென்னை மரம் போடுகிறேன். பிரஷ்ஷைத் தொடுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: கையெழுத்தை ஓரத்தில் போடாதீர்கள், கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்கள். எங்களுக்குச் சட்டம் போடப் போனது பத்து சென்ட் நிலம், முன்பணத்தைத் திருப்ப இருபது. ஆக முப்பது சென்ட். எங்களுக்கு இருந்ததே அவ்வளவுதான்.