ஏலத்தில் ஜெயித்துவிட்டுக் காணாமல் போனவர்

இணைய ஏலத்தில் என் பழைய ஃபிலிம் கேமராவை விடாப்பிடியாகக் கேட்டு ஜெயித்தவரை, அதன்பின் ஆளையே காணோம். பணம் வரவில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை. போன் அடித்தால் கட் செய்கிறார்.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான். வேண்டாத பொருளுக்கு யாராவது அப்படி மோதுவார்களா?

முகவரி சின்ன காஞ்சிபுரம் என்றிருந்தது. நான் இருக்கும் பிள்ளையார்பாளையத்திலிருந்து அது என்ன பெரிய தூரமா? இன்று காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கேமரா என்றதும் முகம் மாறியது.

"உள்ள வாப்பா. உன் மெயில் எல்லாம் பார்த்தேன். என்னன்னு பதில் எழுதுறது? எனக்கு போட்டோ எடுக்கவே தெரியாது."

"அப்புறம் ஏன் சார் ஏலம் கேட்டீங்க?"

"எதிர்ல கேட்டுக்கினு இருந்தது யாரு தெரியுமா? பெங்களூர்ல இருக்கிற எங்க அண்ணன். வீட்ல கூப்பிடுற செல்லப் பேரையே அதுல வெச்சிருந்தான். பாகம் பிரிச்சதுலேருந்து பேச்சு கிடையாது. அவன் ஏத்தினான், நானும் ஏத்தினேன்."

"அவருக்கு நீங்கன்னு தெரியுமா?"

"என் பேரைப் பார்த்துட்டு நேத்து போன் பண்ணிட்டான்பா! 'டேய், உனக்கு எதுக்குடா கேமரா?'ன்னு கேட்டான். அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கினே இருந்தோம்."

"அப்ப அண்ணனுக்கே கொடுத்துடட்டுமா சார்?"

"அவனுக்கா? வேணாம் வேணாம், நானே எடுத்துக்கிறேன்" என்று உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார்.

இப்போது அந்தத் தளம் இவரைப் பற்றி என் கருத்தைக் கேட்கிறது. நல்லவர், மோசமானவர் என்று இரண்டே கட்டங்கள்தான். நீங்களாக இருந்தால் எதில் டிக் அடிப்பீர்கள்?