மறதி எனப் பெயரிட்ட கோதுமை

2024 நவம்பர் 9, சனிக்கிழமை மாலை. போர்ட் ஹாலம் நகரத்துப் பழைய சுங்கக் கிடங்குக் கலைக்கூடத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருந்த ஓர் அறிவிப்பைக் காட்சிப் பொறுப்பாளர் டாம்சின் லாக்ஸ்லி தம் கையாலேயே உரித்தெடுத்தார். 'இரவிலும் அணைக்கக் கூடாது' என்பதே அதிலிருந்த வாசகம். உரித்ததை அவர் திரும்ப ஒட்டவில்லை. அதனால் விளைந்த கேட்டைக் கண்ட பிறகும் உரியவளுக்குச் சொல்லவில்லை. அத்தோடும் நில்லாமல், அந்தக் கேட்டுக்கு ஒரு தத்துவம் எழுதி, அதை உரியவளின் பெயரிலேயே அச்சிட்டார்.

உரியவள் ராலீன் டக்வெல். கிம்பா என்னும் சிற்றூரின் தானியக் கொள்முதல் நிலையத்தில் லாரிகளை எடை போடுபவள். அறுவடை மாதங்களில் விடிவதற்கு முன்பே அவளுடைய தகரக் குடிலுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டும். மற்ற மாதங்களில் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. எடைச்சீட்டு மூன்று படியாக வரும்: ஓட்டுநருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, குடிலுக்கு ஒன்று. நெடுங்காலம் செய்த வேலை குணமாகவே படிந்துவிட்டது. மணமுறிவுத் தீர்ப்பையும் பல் பிடுங்கிய ரசீதையும்கூட அவள் மூன்று படி எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒரு குளிர்காலத்தில் எடைக் கணினி பழுதானது. அதைச் சரிசெய்ய அடிலெய்டிலிருந்து வந்தவன் நிரல் எழுதும் வழிகாட்டி நூலைக் குடிலிலேயே மறந்துவிட்டுப் போனான். தொலைபேசியில் சொன்னபோது அவன் சிரித்தான். "தூக்கிக் குப்பையில போடுங்கக்கா. உங்களுக்கு அது எங்க புரியப் போகுது?" அவள் குப்பையில் போடவில்லை. வேலையற்ற மாதங்களில் வரி வரியாகப் படித்தாள். முதலில் எண்களைப் புள்ளிகளாக்கினாள். புள்ளிகளை மணிகளாக்கினாள். பிறகு மணிகளைத் திரையில் விழச் செய்தாள்.

"ஏய் ராலீன், என் லாரிய எடை போடறியா, உள்ள உக்காந்து வீடியோ கேம் ஆடறியா?" என்று ஓட்டுநர்கள் ஜன்னலில் தட்டுவார்கள்.

"உன் லாரியில பாதி உமி. அதை எடை போட என்ன அவசரம்?" என்பாள் அவள், தலை நிமிராமல்.

விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் கிடங்கு நிறைந்து வழியும். மிச்சக் கோதுமையை வெட்டவெளியில் மலைபோலக் கொட்டித் தார்ப்பாய் போர்த்துவார்கள். அப்படிக் கொட்டும் கோதுமை எத்தனை உயர்ந்தாலும் தனக்கென்று ஒரு சரிவு வைத்திருக்கும். அந்தச் சரிவைத் திரையில் கொண்டுவர ராலீனுக்கு நான்கு குளிர்காலங்கள் ஆயின. படைப்புக்குக் 'குவியல்' என்று பெயரிட்டாள். திரையில் வெற்று நிலமும் தாழ்ந்த அடிவானமும் இருக்கும். எதிரே ஆள் நடந்தால் நடைக்கு ஏற்பத் தானியம் விழும். ஆளில்லாத இரவில் காற்றடித்துச் சில மணிகளை வாரிக்கொண்டு போகும். ஆறு வாரம் இப்படி ஓடினால், வந்து போனவர்களின் நடையால் எழுந்த குவியல் அடிவானத்தை மறைத்துவிடும். பகல் கொடுப்பதும் இரவு எடுப்பதும் சேர்ந்துதான் அது குவியல். அணைத்தால் குவிந்ததெல்லாம் அழிந்து மறுபடி வெறுந்தரையிலிருந்து தொடங்கும். ஆகவே இடையில் ஓர் இரவுகூட அணைக்கலாகாது.

கலையில் கருவிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டு, கணினியில் படைப்பவர்கள் எழுவரைக் கூட்டிய கண்காட்சி அது. 'கையும் கருவியும்' என்பது தலைப்பு. எழுவரில் எந்தக் கல்லூரியிலும் கால் வைக்காதவள் ராலீன் ஒருத்தியே. திறப்பு நாளான அந்த நவம்பர் 9 அன்று திரையைப் பொருத்தி, சுவிட்சுக்கு மேலே மஞ்சள் தாளில் அறிவிப்பை ஒட்டினாள். அதே வாசகத்தைக் கலைக்கூடத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பினாள். மறுநாள் காலையில் பார்லி லாரிகள் வரவிருந்தன. ஆகவே உரைகளுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

டிசம்பர் 22, நிறைவு நாள். அறுவடை ஓய்ந்து அவள் வந்து நின்றபோது திரையில் அடிவானம் முழுசாகத் தெரிந்தது. நிலத்தில் ஒரு கைப்பிடி அளவுக்கு மணிகள் கிடந்தன.

பக்கத்தில் தன்னார்வலர் மெர்ல் ஹட்சன்ஸ் துணியால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர்.

"மெர்ல், இந்தத் திரைய யாராச்சும் அணைச்சீங்களா?"

"எல்லாத்தையும்தான் அணைக்கறோம் கண்ணு," என்றார் மெர்ல், பெருமையோடு. "கடைசியா போறவங்க சுவத்துல இருக்கற ஒவ்வொரு சுவிட்சையும் அணைச்சிட்டுத்தான் கதவப் பூட்டணும். டீ கொதிக்கற பாத்திரத்த அணைக்காமப் போயி ஊர் மண்டபமே எரிஞ்சுச்சே, அதுலேருந்து அதுதான் சட்டம். நாப்பது டிகிரி வெயில்ல மிஷின ஓட விட்டுட்டு எவளுக்குத் தூக்கம் வரும்?"

"அணைக்காதீங்கன்னு சுவிட்சுக்கு மேலயே ஒட்டியிருந்தேனே."

"அந்த மஞ்சத் தாளா? அத டாம்சின் அன்னிக்கே பிச்சுட்டாளே. போட்டோ எடுக்க வந்தாங்க, வெள்ளைச் சுவத்துல அசிங்கமா இருக்குன்னா. என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் பாக்கல, குப்பைக்கூடையத்தான் நீட்டினேன்." மெர்ல் துணியை மடித்தார். "ஏன், ஏதாச்சும் கெட்டுப் போச்சா?"

"ஆறு வாரம் கெட்டுப் போச்சு."

"அடக் கடவுளே!" மெர்ல் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. தினம் காலையில வெறும் தரையாவே இருக்கே, ஒடஞ்சு போச்சான்னு ரெண்டாவது வாரமே டாம்சின்கிட்டக் கேட்டேன். 'இல்ல மெர்ல், அதோட அழகே அதுதான்'னா."

மெர்ல் மீது கோபப்பட ராலீனுக்கு வழியில்லை. கோபம் வராமலும் இல்லை. திரும்பியவளின் கண்ணில் திரைக்கு அருகே மாட்டியிருந்த விளக்கப் பலகை பட்டது. அவள் எழுதிக் கொடுத்த நான்கு வரிகள் அதில் இல்லை. வேறு வரிகள் இருந்தன: 'ஒவ்வொரு காலையும் இக்கருவி நேற்றைய உழைப்பை மறந்து விழிக்கிறது. நினைவற்ற இயந்திரத்தின் முன் மனித உழைப்பின் பயனின்மையைக் கலைஞர் இங்கே முன்வைக்கிறார்.' அதன் கீழே அவளுடைய பெயர்.

பயனின்மை. வாழ்நாளில் அவள் வாயிலிருந்து வராத சொல்.

தேநீர் மேசையருகே டாம்சின் இரு கைகளையும் விரித்தபடி வந்தார். "ராலீன்! உங்களத்தான் தேடிட்டிருந்தேன். நம்ம நிரந்தரச் சேகரிப்புக்கு உங்க படைப்ப எடுத்திருக்கோம். ஏழு பேர்ல உங்களோடது மட்டும்தான். இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது."

ராலீன் தாளை முழுதும் படித்தாள். படைப்பின் விவரம் என்ற இடத்தில் பலகையின் வரிகள் அப்படியே இருந்தன. இரவுதோறும் திரை தானாக அணைந்து மறுநாள் வெறுந்தரையிலிருந்து தொடங்கும்படி கடிகாரம் பொருத்தப்படும் என்று ஒரு வரி கூடுதலாகவும் இருந்தது. ஒப்பமிட்டால் அவள் பெயர் ஒரு கலைக்கூடத்தில் என்றைக்கும் இருக்கும். அவள் செய்த குவியல் இருக்காது. ஒப்பமிடாவிட்டால் ஐம்பத்து நான்கு வயதில் இப்படியொரு வாய்ப்பு இன்னொரு முறை வராது. இரண்டும் அவளுக்குத் தெரிந்தே இருந்தன.

"ரெண்டாவது வாரமே தெரிஞ்சிருக்கு. ஏன் ஒரு போன் பண்ணல?"

"அறுவடை நேரம், தொந்தரவு பண்ண வேணாமேன்னுதான்."

"திறப்பு விழாவுக்கு ஸ்கோன் ரொட்டி சுட்டுட்டு வர முடியுமான்னு கேக்கப் போன் பண்ணீங்களே, அப்ப மட்டும் அறுவடை இல்லையா?"

எழுவரில் மற்றொருவனான டூகல் பிரீஸ்ட் வாய்நிறையக் கேக்கோடு சிரித்தான். கணினியிடம் வாய்மொழியாகச் சொல்லி முகங்களை வரைய வைப்பவன் அவன். "விடு ராலீன், வாங்கிக்க. என் படத்துக்கு முன்னாடி ஒரே ஒருத்தன்தான் நின்னான். அவனும் கழிவறை எங்கன்னு கேட்டான்."

"நீ சும்மா இரு டூகல். உன் படத்த மிஷின் போட்டுச்சு, உன் பேர எழுதினாங்க. என் படத்த நான் போட்டேன், மிஷின் மறந்துடுச்சுன்னு எழுதறாங்க."

டாம்சினின் புன்னகை இறுகியது. "உண்மையச் சொல்லட்டுமா? இதுதான் நல்ல படைப்பு. நீங்க பண்ணது வெறும் கோதுமை, ராலீன். அதுக்கு ஒரு அர்த்தம் கொடுத்தது நாங்க."

"கோதுமைதான். கோதுமைன்னே எழுதுங்க. அந்தப் பலகைய இப்பவே கழட்டுங்க."

"கண்காட்சி விவரப் புத்தகத்துலயும் இதே வரிகள் அச்சாயிடுச்சு. இனிமே மாத்த முடியாது."

ராலீன் பேனாவை மேசைமேல் வைத்தாள். ஒப்பமிடாத தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரையையும் கணினியையும் கழற்ற மெர்ல்தான் ஒரு கை கொடுத்தார்.

சனவரியில் டாம்சின் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். ஒவ்வொரு முறையும் தேன் சொட்டும் குரல்; ஒவ்வொரு முறையும் ராலீன் சொன்னது ஒன்றே.

"எழுதி அனுப்புங்க."

"நமக்குள்ள இருக்கறத எல்லாம் எழுதிட்டிருக்கணுமா, ராலீன்?"

"எழுத முடியாதத என் பேர்ல ஏன் அச்சடிச்சீங்க?"

எழுத்தாக இன்றுவரை எதுவும் வரவில்லை. ஆனால் கலைக்கூடத்தின் இணையப் பக்கத்தில், நிறைவு நாளின் அந்தக் கைப்பிடி மணிகளைப் படம்பிடித்து, அதே பயனின்மை வரிகளோடும் அவள் பெயரோடும் ஓட விட்டிருக்கிறார்கள். குவியல் முழுதாய் எழுந்து அடிவானத்தை மறைத்ததை இதுவரை எவரும் கண்டதில்லை. அதைச் செய்தவளும் கண்டதில்லை. ஆறு வாரம் ஆள் நடமாடும் இன்னொரு கூடம் அவளுக்குக் கிடைக்கவுமில்லை.

எனவே கலைக்கூடத்தின் நிர்வாகக் குழு அந்தப் படத்தை இணையத்திலிருந்து நீக்க வேண்டும். அந்த வரிகள் ராலீன் டக்வெல்லின் எண்ணம் அல்ல, டாம்சின் லாக்ஸ்லி எழுதியவை என்று அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். படைப்பு ஒவ்வொரு நாளும் அழிகிறது என்று இரண்டாவது வாரத்தில் அறிந்தும் அதைச் செய்தவளுக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்பதற்குக் காரணம் கூற வேண்டும். தொலைபேசி அழைப்பு பதிலாகக் கொள்ளப்படாது. பதில் எழுத்தில், தேதியுடனும் பொறுப்பேற்பவரின் ஒப்பத்துடனும் வர வேண்டும்.