கருமாதி முடிந்த மகள்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கட்டுக்கதை என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். சுடுகாடு, புளியமரம், நடுச்சாமம், நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், உச்சி வெயிலில் நடந்தது. நடந்தது கோகிலவாணிக்கு. குமாரபாளையத்தில் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி. தெரிந்திருந்தால் அவள் அப்பாவிடம் அந்தக் காலத்திலேயே தப்பித்திருப்பாள்.

அவள் பிறந்தது பரமத்தி வேலூர்ப் பக்கம். அப்பா சென்றாயன், காவிரித் தண்ணீரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். பெரிய வீம்புக்காரர். ஒரு தடவை கண்டக்டரோடு வாய்த்தகராறு ஆகி, அதற்கப்புறம் அந்தப் பஸ்ஸிலேயே ஏறாமல் பல வருஷம் நாமக்கல்லுக்குச் சுற்றிப் போனவர். அப்பேர்ப்பட்டவரின் மகள், தறி ஓட்டுகிற யோகேஷைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி ஆட்கள். நல்ல பையன், குடி கிடையாது, கைநிறைய வேலை. அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

மூன்றாம் நாள் வேலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர். 'கண்ணீர் அஞ்சலி.' நடுவில் கோகிலவாணியின் படம். பச்சைப் பட்டுச் சேலை, ஒற்றைச் சடை, சிரித்த முகம். சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. கீழே பிறந்த தேதியும் மறைந்த தேதியும். மறைந்த தேதி என்று போட்டிருந்தது அவள் தாலி கட்டிக்கொண்ட நாள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து அவள் போனுக்கே அனுப்பி வைத்தான். சோற்றில் கை வைத்தபடி அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வயிற்றில் பற்றிய தீ இன்னும் அணையவில்லை.

இப்படிப் போஸ்டர் அடிக்கிறவர்கள் அங்கங்கே உண்டுதான். ஒட்டிவிட்டு, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சென்றாயனுக்கு அது போதவில்லை. காவிரிக் கரையில் கருமாதியே வைத்தார். அவள் தம்பி கலைமணியை உட்கார வைத்து மொட்டை போட்டார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். அதோடாவது விட்டாரா? கொடிக்காலுக்குள் இலை போட்டு, அவளுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயமும் கோழிக்குழம்பும் வைத்து, பேர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார். வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று. செத்தவர்களுக்குச் செய்கிற முறை அது. உயிரோடு இருக்கிறவளைக் கூப்பிட்டு யாரும் இலை போட்டதில்லை.

அந்த மனுஷன் செய்த தப்பு அதுதான். போஸ்டரைக்கூடக் கிழித்துவிடலாம். கூப்பிட்டதைத் திருப்பி அனுப்ப முடியுமா?

சில வருஷம் கழித்து அம்மா மாரக்காள் போய்ச் சேர்ந்தாள். அக்காவுக்குத் தகவல் சொல்லட்டுமா என்று கலைமணி கேட்டிருக்கிறான். "செத்தவளுக்கு எதுக்குடா தாக்கல்?" என்றாராம் சென்றாயன். அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதை நான் சொல்லும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

போன மாசியில் கலைமணி போன் செய்தான்.

"அக்கா, அப்பனுக்கு ஒடம்பு சரியில்ல. ஒருக்கா வந்துட்டுப் போ."

"செத்தவ எப்புடிடா வருவா?"

"ஒடம்பு மட்டுமில்லக்கா. அவரு பேசறதே சரியில்ல. நீ நேர்ல வந்து நின்னீன்னா தெளிஞ்சிருவாரு."

போவதில்லை என்றுதான் முதலில் இருந்தாள். அப்புறம் ஒரு யோசனை வந்தது. சாகப் போகிற மனுஷன் மன்னிப்புக் கேட்பார். கேட்கட்டும். கேட்டு முடித்ததும், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வர வேண்டும். பதினோரு வருஷத்தில் அவளுக்கென்று அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

"போயி சண்டை போடாத" என்றான் யோகேஷ்.

"சண்டைக்குத்தான் போறேன்."

இரண்டு பஸ் மாறி இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கொடிக்கால் ஓரத்து வேம்படியில் காத்தான் உட்கார்ந்து தூக்குப்போசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து அங்கே வெற்றிலை கிள்ளுகிறவர். நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியமே படவில்லை.

"வா சாமி. இன்னைக்கென்ன, செருப்பெல்லாம் போட்டுக்கிட்டு?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கழித்து வருகிறவளைக் கேட்கிற கேள்வியா இது?

"என்னைய அடையாளம் தெரியுதுங்களா?"

"தெரியாம என்ன? நேத்துக்கூட..."

நிறுத்திக்கொண்டார். அவள் காலைப் பார்த்தார். காலடியில் கிடந்த நிழலைப் பார்த்தார். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"நீ... பஸ்ஸுலயா வந்த?"

"ஆமாங்க. வேற எதுல வருவாங்க?"

அவர் எழுந்தார். போசியை மூடவில்லை, கையைக் கழுவவில்லை. வாய்க்கால் கரையில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கொடிக்காலுக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். கோபத்திலும் அது மறக்கவில்லை. வெளியே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகள் இரண்டு பக்கமும் சுவராக நின்றன. வெயில் உள்ளே வரவில்லை. காலுக்கடியில் ஈர மண். ஊரே வெந்துகொண்டிருக்க, அங்கே மட்டும் மார்கழிக் காலை போலக் குளிர்ந்தது. அவ்வளவு குளிர் அவள் சின்ன வயதில் கிடையாது.

டிக்... டிக்...

வெற்றிலை கிள்ளுகிற சத்தம். கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டிக் காம்பை ஒடித்தால் அப்படிக் கேட்கும். ஆனால் எல்லோரும் சோற்றுக்குப் போயிருக்கிற நேரம். மணி பன்னிரண்டரை. காத்தான் வெளியே போய்விட்டார். உள்ளே யார் கிள்ளுகிறார்கள்?

நடுப்பாத்தியில் சாக்கை விரித்துச் சென்றாயன் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். எதிரே இரண்டு வாழை இலை. ஒன்றில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் சோறு பாதி தீர்ந்திருந்தது.

அவளைப் பார்த்தார். பதறவில்லை. அழவில்லை.

"இப்பத்தான எந்திரிச்சுப் போன? ஒக்காரு. சோறு மிச்சம் இருக்குது."

பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது.

"என்னைய உசுரோட கொன்னீங்க. செவுத்துல ஒட்டுனீங்க. அம்மா மூஞ்சியக்கூடப் பாக்க உடல. கேளுங்க இப்ப. மன்னிப்புக் கேளுங்க."

"தெனமுந்தான் கேக்கறனே சாமி."

"எப்பக் கேட்டீங்க?"

"மொதல்ல நீ பேசவே மாட்ட. திம்ப, போயிருவ. உங்கம்மா போனப்ப அழுத. அப்பறம் ஒருநா சிரிச்ச." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "போச்சாது உடுங்கப்பா, மன்னிச்சுட்டேன்னு நீயே சொல்லிப்போட்டயே."

அவளுக்கு உடம்பு முழுக்க எரிந்தது. பயமே வரவில்லை, சத்தியமாகக் கோபம்தான் வந்தது. அவள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை எவளோ எடுத்து இந்த மனுஷனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"நான் வரல. நான் மன்னிக்கல. ஒருநாளும் மன்னிக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். சென்றாயன் அவள் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை. புறங்கையைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"உன்ற கையி... சூடா இருக்குது."

அவர் முகம் வெளுத்துப்போனது.

"அப்ப... அது..."

டிக் சத்தம் நின்றது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

அவள் திரும்பினாள்.

பாத்தியின் கடைசியில் ஒருத்தி. முதுகு காட்டி நின்றாள். பச்சைச் சேலை. ஒற்றைச் சடை.

அந்த முதுகை அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் வாய் நிற்கவில்லை. "ஏய், அவர மன்னிக்க நீ யாரு?"

அது அசையவில்லை.

பிறகு... மெல்ல... தலை மட்டும் திரும்ப ஆரம்பித்தது.

"பாக்காத!" சென்றாயன் எழுந்து அவளைப் பிடித்து வெளியே தள்ளினார். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ. "உன்ற மூஞ்சிய அதுக்குக் காட்டாத. ஓடு சாமி."

ஓடினாள்.

பின்னால் அவர் குரல் கேட்டது. அவளிடம் ஒருநாளும் பேசாத குரல். அவ்வளவு கனிவு.

"இங்க வா கண்ணு. சோறு ஆறுது பாரு. இங்க வா."

அவளைக் காப்பாற்றத்தான் அதைக் கூப்பிட்டார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால் ஆத்திரம் இன்னும் கூடியது. ஒரு வாய் நல்ல வார்த்தை இருந்ததே அந்த மனுஷனிடம். அதையும் அதற்கே கொடுத்துவிட்டாரே. செருப்பைக்கூட எடுக்காமல் கொதிக்கிற தார்ரோட்டில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெறுங்காலோடு அழுதுகொண்டே போனாள்.

அன்று சாயங்காலமே தகவல் வந்தது. கொடிக்காலுக்குள் உட்கார்ந்தபடியே போயிருந்தார் சென்றாயன். இரண்டு இலையும் வழித்துத் துடைத்தது போலக் காலியாகக் கிடந்தனவாம்.

யோகேஷ் கிளம்பச் சொன்னான். பக்கத்தில் இருந்த நாங்களும் சொன்னோம், என்ன இருந்தாலும் அப்பன் என்று. அவள் கேட்கவில்லை. "செத்தவ எழவுக்குப் போக மாட்டா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்தன்று பகல் முழுக்க எங்கள் கண் முன்னால் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். தெருவே பார்த்தது. மன்னிக்கவில்லை, போகவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவளிடம் இருந்த ஒரே நியாயம் அது, அதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது.

மறுநாள் காலையில் கலைமணி போன் செய்தான். திட்டப் போகிறான் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"அக்கா, நீ வந்தது எனக்கு எவ்வளவு ஆறுதல்னு தெரியுமா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ வாய்க்கரிசி போட்டப்ப பந்தலே அழுதுச்சுக்கா. அப்பன் நெஞ்சுல கைய வச்சு, மன்னிச்சுட்டேன், நிம்மதியாப் போங்கன்னு சொன்னயே. பெரியவங்கல்லாம் உன்னையக் கையெடுத்துக் கும்புட்டாங்க. காத்தான் மட்டும் ஏனோ பந்தலுக்குள்ளயே வரல."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பஸ்ஸு ஏத்தி உடறேன்னு எத்தனை தரம் சொன்னேன். அப்பன்தான் போயிட்டாரு, இனி என்ற ஊட்டுல போயி இருந்துக்கறேன், நடந்தே போயிக்கறேன்னு பொழுது சாயக் கெளம்பின. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. அதான் கேக்கலாம்னு கூப்புட்டேன்."

அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ஊடு வந்து சேந்துட்டயாக்கா?"