‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற வரி

அந்த வேலையில் சேர்ந்து மூன்றாவது கிழமை, எனக்கு முன்பிருந்தவர் எழுதிவிட்டுப் போன நிரலை வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த வரியைக் கண்டேன். மறுமுனையில் இருப்பது யாரென்று சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லும் வரி. அதற்கு மேலே இன்னொன்று: இணைப்பைப் பாதுகாக்கும் முறை எவ்வளவு பழைய பதிப்பென்றாலும் ஏற்றுக்கொள். ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு ஒரு குறிப்புக்கூட இல்லை.

யாழ்ப்பாண நகரத்தில் இருக்கும் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம் அது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு என்று தீவுகளில் அதற்கு நான்கு கிளைகள். காலையில் கிளையில் இரத்தம் எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் நகரத்துக்கு அனுப்புவார்கள். பின்னேரம் முடிவு இணையத்தின் வழியே கிளைக் கணினிக்கு வந்துவிடும். அங்கே அச்செடுத்துக் கொடுப்பார்கள். ஒரு தாளுக்காக இன்னொரு முறை கடல் கடக்கத் தேவையில்லை. அந்த முடிவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருளைக் கவனிப்பதுதான் என் வேலை. நான் நயினாதீவில் பூசை செய்யும் குடும்பத்துப் பெண். கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வேன், மற்ற நாட்களில் நகரத்துக்குப் போவேன்.

முடிவுகள் மறையாக்கம் செய்யப்பட்டே, நடுவில் யாரும் வாசிக்க முடியாத குறியீடாக மாற்றப்பட்டே, போய்வந்தன. அதற்கென்று ஒரு லைப்ரரி இருக்கிறது. யாரோ எழுதி உலகமெல்லாம் பயன்படுத்துகிற ஆயத்த நிரல் அது. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர் சில விடயங்களைத் தானே முடிவுசெய்ய வேண்டும். எந்தப் பதிப்புக்குக் கீழே இறங்கக்கூடாது, எந்த மறையாக்க முறைகளை ஏற்கலாம், எதிரே இருப்பவர் காட்டும் சான்றிதழ் உண்மையானதா என்று பார்ப்பதா இல்லையா. கதவும் பூட்டும் நல்லவை. முன்பிருந்தவர் திறப்பைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

எவ்வளவு ஆபத்து என்று பார்க்க நினைத்தேன். நயினாதீவுக் கிளையில் சொல்லிவிட்டு, என் மடிக்கணினியைக் கிளையின் இணைப்புக்கு நடுவே வைத்தேன். முடிவுகளை அனுப்பும் நகரத்துச் சேர்வர் கணினி நான்தான் என்று அது பொய் சொல்லும்படி செய்தேன். கிளையின் மென்பொருள் அதை நம்பிவிட்டது. ஒரு பொய்ப் பெயரில் பரிசோதனைத் தாளொன்றை அனுப்பிப் பார்ப்பதுதான் என் திட்டம். அதற்குப் பின்னால் உண்மையான முடிவொன்றும் வந்து விழுந்தது. எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண்ணின் பெயர். கர்ப்பப் பரிசோதனை. நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். அவளுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது இரண்டு நாட்கள் என்னை அரித்தது. அவளைக் கோயிலில் கண்டபோது வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

என் இருபத்துமூன்றாவது வயதில் எனக்குக் கழுத்தில் வீக்கம் வந்தது. தைராய்டாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் முடிவு கடித உறையில் படகில் வரும். என்னுடைய உறை இறங்குதுறையில் யாரோ ஒருவரின் கையில் கொடுக்கப்பட்டு, இன்னொருவரின் கைக்கு மாறி, எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒட்டிய இடம் பிரிந்திருந்தது. இரண்டு நாளில், எனக்குப் பிள்ளை பிறக்காதாம் என்று கதை வந்தது. தாளில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் சத்தமில்லாமல் நின்றுபோனது. மாப்பிள்ளைக்காக நான் அழவில்லை. என் உடம்பைப் பற்றிய தாளை எனக்கு முன் ஊர் வாசித்ததற்காக அழுதேன். யார் பிரித்தது என்று கேட்கப் போகிறேன் என்றேன். “விடு பிள்ளை, கோயிலுக்கு வாற சனத்தோட சண்டை பிடிக்க ஏலாது,” என்றார் அப்பா. விட்டுவிட்டேன். அப்படி விட்டதை நான் எனக்கு மன்னித்ததே இல்லை.

ஆகவே யாரிடமும் கேட்காமல் அந்த இரண்டு வரிகளையும் மாற்றினேன். பழைய பதிப்புகளை மூடினேன். பலவீனமான முறைகளைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். சான்றிதழைக் கட்டாயம் சரிபார் என்று எழுதினேன். ஒரு திங்கட்கிழமை புதிய மென்பொருள் நான்கு கிளைகளுக்கும் போனது. மூன்று கிளைகள் ஒரு குறையுமில்லாமல் இயங்கின. அனலைதீவு மட்டும் இணைய மறுத்தது.

பின்னேரம் முதலாளி கூப்பிட்டார். அவரை நாங்கள் எல்லாரும் அண்ணை என்றுதான் சொல்வோம். கெட்டவர் இல்லை. தீவுகளில் கிளை போட வேறு யாரும் முன்வராத நேரத்தில் போட்டவர். பதினாறு பேரின் முடிவு அனலைதீவுக்குப் போகாமல் கிடக்கிறது, பழையபடி மாற்றிவிடும் என்றார். முடிவுகளை நான் ஒவ்வொன்றாகப் போனில் வாசித்துச் சொல்கிறேன், மாற்ற மாட்டேன் என்றேன்.

“ஒரு வரிதானே பிள்ளை. அனலைதீவில ஆர் வந்து ஒளிச்சுக் கேக்கப் போறான்?”

“நான் கேட்டனான் அண்ணை. நயினாதீவில இருந்து, அரை மணித்தியாலத்தில.”

அவர், அங்கே இருப்பது பழைய கணினி, அதற்குப் புதிய பதிப்பெல்லாம் விளங்காது, அந்த ஒரு கிளைக்காவது திறந்துவிடும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம் இருந்தது. இருந்தாலும் நாளைக்கு நேரே போய்ப் பார்க்கிறேன் என்றேன். அன்றைக்கே பதினாறு முடிவுகளையும் அனலைதீவுக் கிளையில் வேலை பார்க்கும் அக்காவுக்குப் போனில் வாசித்தேன். எண்களை இரண்டு தரம் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டோம்.

மறுநாள் முதல் படகில் குறிகட்டுவானில் இறங்கி, மடத்துவெளி வழியாக பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து அனலைதீவுப் படகைப் பிடித்தேன். காற்றுக் காலம். மடிக்கணினியை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளை என்பது ஒரு வாடகை அறை. ஒரு கட்டில், இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு கணினி. இரத்தம் எடுப்பதிலிருந்து அச்செடுப்பது வரை எல்லாம் அந்த அக்காதான். என்னைக் கண்டதும் முதலில் தேத்தண்ணி தந்தார். பிறகு, தன்னால்தான் ஏதோ பழுதாகிவிட்டது என்று அண்ணை சொன்னதாகச் சொன்னார். இல்லை அக்கா, என்னால்தான் என்றேன்.

பிழைச் செய்தியை வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பதிப்பில் ஒரு சிக்கலும் இல்லை. எங்கள் மென்பொருள் அந்த லைப்ரரியைத் தன்னோடேயே கொண்டுபோகிறது. கணினி பழையதா புதியதா என்பது அதற்குப் பொருட்டில்லை. நான் நேற்றே இதை யோசித்திருக்க வேண்டும். சேர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நாளுக்கு வரவில்லை என்பதுதான் பிழை. திரையின் மூலையைப் பார்த்தேன். திகதி பல வருடங்களுக்கு முன்னால் நின்றது. அந்தக் கணினியைப் பொறுத்தவரை, சான்றிதழ் எழுதப்பட்டதே எதிர்காலத்தில்.

“கரண்ட் நிண்டு வந்தா அது ஒவ்வொரு தரமும் பழைய திகதிக்குப் போயிடும் தங்கச்சி,” என்றார் அக்கா. “முந்தி இருந்த தம்பியிட்ட சொன்னனான். அதால ஒண்டும் இல்லை எண்டவர்.”

தாள்களைக் காட்டினார். அச்செடுத்த ஒவ்வொரு முடிவிலும் கணினி போட்ட பிழையான திகதியைப் பேனாவால் வெட்டி, சரியான திகதியைத் தன் கையால் எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்திருந்தார். எத்தனை காலமாக என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலே இருக்கும் என்றார். பிழையான திகதியோடு ஒரு தாளை நோயாளி டொக்டரிடம் கொண்டுபோனால் அவர் குழம்பமாட்டாரா, அதுதான் என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சரிபார்ப்பை நிறுத்தியவர் பூட்டை மட்டும் திறந்துவிடவில்லை. பழுதொன்றை எல்லார் கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டு, அதைத் திருத்தும் வேலையை இந்தப் பெண்ணின் பேனாவில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். சரிபார்ப்பு இருந்திருந்தால் முதல் நாளே கணினி இணைய மறுத்திருக்கும். யாராவது வந்து பார்த்திருப்பார்கள்.

கணினியின் மூடியைக் கழற்றினேன். நேரத்தை ஞாபகம் வைத்திருக்கும் சின்ன வட்டப் பற்றரி செத்திருந்தது. தீவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். அக்கா என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். அலுமாரியைத் திறந்து, சீனி பார்க்கிற கருவிக்கென்று வாங்கி வைத்திருந்த பற்றரிகளில் ஒன்றை எடுத்துத் தந்தார். அதே அளவு. போட்டு, திகதியைச் சரிசெய்தேன். மென்பொருள் ஒரு வரியும் மாறாமல் இணைந்தது. முதல் முடிவு அச்சாகி வந்ததும் அக்கா தாளைக் கையில் எடுத்து, திகதி இருந்த மேல்மூலையைத்தான் முதலில் பார்த்தார்.

அங்கிருந்தே அண்ணைக்குச் சொன்னேன். நல்லது என்றார். ஆனால் அவர் அதோடு விடவில்லை. அடுத்த நாள் நகரத்தில் எதிரே கதிரையில் இருத்தி, இனி இப்படி நடந்தால் பதினாறு பேர் காத்திருக்க முடியாது, சரிபார்ப்பை நிறுத்த எனக்கொரு வழி வேண்டும், உம்மைத் தேடிக்கொண்டிருக்க ஏலாது என்றார். நிலையம் அவருடையது. செய்து தருகிறேன் என்றேன்.

செய்தும் கொடுத்தேன். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவு, அவருடைய கடவுச்சொல்லோடு. அவர் அன்றைக்கே என் முன்னால் அதை அழுத்திப் பார்த்தார். சரிபார்ப்பு நின்றது. கூடவே எல்லாத் திரைகளிலும் எச்சரிக்கை வசனத்தோடு சிவப்புப் பட்டையொன்று வந்தது. அச்செடுத்த தாளின் தலையிலும் அதே வசனம் தடித்த எழுத்தில் வந்தது: இந்த முடிவு பாதுகாப்பில்லாத வழியில் அனுப்பப்பட்டது, மற்றவர்கள் வாசித்திருக்கக்கூடும்.

“இதென்ன?” என்றார்.

“உண்மை அண்ணை.”

“தாளில இருந்து இதை எடும். சனம் பயப்பிடும்.”

“ஏலாது. நிப்பாட்டிறது உங்கட விருப்பம். நிப்பாட்டினதைச் சனத்துக்கு ஒளிக்க நான் எழுதித் தரமாட்டன்.”

வேறு ஆளைப் பிடித்து எடுப்பிக்கலாமே என்றார். எடுப்பியுங்கோ, ஆனால் அந்த ஆளுக்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதி உங்கள் கையெழுத்தை வைத்துக் கொடுங்கோ என்றேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுகூட அந்த நேரத்தில் ஒரு யோசனை ஓடியது.

அவர் தாளைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். பிறகு மௌஸை இழுத்து, தானே சரிபார்ப்பைத் திரும்ப இயக்கினார். சிவப்புப் பட்டை போனது. போய் வேலையைப் பாரும் என்றார்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். சம்பள உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அந்தத் தெரிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது, அவருடைய கடவுச்சொல்லோடு. யார் எப்போது அழுத்தினார்கள் என்று மென்பொருள் குறித்து வைக்கும். நான் ஒவ்வொரு திங்களும் அதைப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு முன்னால் அழுத்திய அந்த ஒரு தரத்தைத் தவிர வேறு பதிவு இல்லை.